புல்லுப் பாட்டுக்காரருக்கு நான் சொன்ன பதில்

அன்று காலைதான் வெட்டிய புல்லின் வாசனை, அதன்மேல் கொசுவுக்காக எல்லாரும் கைகால்களில் அடித்துக்கொண்ட ஸ்ப்ரேயின் நெடி, சற்றுத் தள்ளி ஒரு வண்டிக்கடையில் சோளமாவில் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்றின் எண்ணெய்ப் புகை, இவை மூன்றையும் ஒரே அடியில் வீழ்த்திவிட்டு அம்மா திறந்த 'தூக்குப்போசி'யிலிருந்து கிளம்பிய புளிச்சோற்றின் நல்லெண்ணெய் மணம் என்று, டெக்ஸாஸில் கழிந்த என் பத்து வயதுக் கோடை முதலில் மூக்குக்குத்தான் நினைவு வருகிறது. காதுக்கு அப்புறம்தான். நூற்றுக்கணக்கானவர்கள் அலுமினிய மடக்கு நாற்காலிகளை இழுத்து விரிக்கும் 'கிறீச்', மேடையில் யாரோ வயலினுக்குச் சுருதி சேர்க்கும் முனகல், அதைக் கேட்டவுடனேயே, இன்னும் பாட்டே ஆரம்பிக்காதபோதே, 'அடடா' என்ற என் அப்பாவின் குரல்.

அந்த 'அடடா'வுக்கு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவுக்குத் தம் வாழ்நாளில் ஒரே ஒரு பாட்டுக்காரரிடம் ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். நான் சொன்னது வேறு. இத்தனை வருடங்கள் கழித்து இதை எழுதும்போதும் காது மடல் சுடுகிறது.

ப்ளூகிராஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு, எனக்குத் தெரிந்த அளவில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் தென்கிழக்கு மலைப்பக்கத்து மனிதர்கள் வளர்த்த பாட்டு அது. வயலின், பேஞ்சோ, மாண்டலின், கிட்டார், ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய பேஸ், அவ்வளவுதான். மத்தளம் மாதிரி எதுவும் கிடையாது. பழைய தலைமுறைக் கலைஞர்கள் அந்த வெயிலிலும் கோட்டு, டை, தொப்பி சகிதம் வந்து, ஒரே ஒரு மைக்கைச் சுற்றி நிற்பார்கள். தன் முறை வந்தவர் முன்னால் வருவார், முடித்தவர் விலகுவார், ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொள்வதேயில்லை. பாடுகிறவர்கள் அடிவயிற்றிலிருந்து மேல் ஸ்தாயிக்கு ஒரே தாவாகத் தாவுவார்கள். பெயரில் இருந்த நீலத்தை விட்டுவிட்டுப் புல்லை மட்டும் எடுத்துக்கொண்டு அம்மா அதற்கு 'புல்லுப் பாட்டு' என்று பெயர் வைத்திருந்தாள். சனிக்கிழமை காலையில் யாராவது ஆன்ட்டி போன் செய்து அப்பா எங்கே என்று கேட்டால், "அவுரு புல்லு மேயறாரு" என்பாள்.

கோபிசெட்டிபாளையத்துப் பக்கத்து மனிதருக்கு இந்தப் பாட்டு எப்படி ஒட்டிக்கொண்டது என்பதற்கு ஒரு கதை உண்டு. அப்பா எங்களுக்கு ஒன்றரை வருடம் முன்பே தனியாக அமெரிக்கா வந்தவர். எங்களுக்கு விசா கிடைக்கிறபாடாக இல்லை. அந்த முதல் குளிர்காலத்தில், வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று பெட்டியைக் கட்டி வைத்துவிட்டார். அபார்ட்மென்டில் முன்னால் குடியிருந்தவர் விட்டுப்போன அலாரம் ரேடியோ ஒன்று இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை அது தானாக அடித்தபோது, அதில் ஒரு வயலினும், வயலின் ஓய்ந்த இடங்களில் ஒரு குரலும் கேட்டன. வார்த்தை ஒன்றுகூடப் புரியவில்லையாம். "படுத்த மேனிக்கே அழுதேன். அப்புறம் எந்திரிச்சு அரிசியக் கழுவிப் போட்டேன்" என்பார் அப்பா. பெட்டியைத் திரும்பப் பிரித்தது எப்போது என்று அவருக்கே நினைவில்லை. அதற்குப்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த நிகழ்ச்சிக்காகக் காத்திருந்து, அந்தக் குரலுக்கு உரியவரின் பெயரைத் தெரிந்துகொண்டார். பெயரை இங்கே எழுத எனக்கு யோக்கியதை இல்லை. பெரியவர் என்று சொல்லிவிட்டுப் போகிறேன். அப்பா அவரை 'வித்வான்' என்றுதான் சொல்வார்.

நாங்கள் டெக்ஸாஸில் காப்பெல் என்ற ஊரில் குடியேறிய பிறகு, ஒவ்வொரு கோடையிலும் கிழக்கே ஒன்றரை மணி நேரம் ஃப்ரீவேயில் போய், ஒரு சின்ன ஊரின் பூங்காவில் நடக்கும் புல்லுப் பாட்டு விழாவுக்கு எங்களை அழைத்துப் போவார். அங்கே ஒரு வழக்கம். விடியற்காலையில் போய் உங்கள் நாற்காலியைப் போட்டுவிட்டால் அந்த இடம் நாள் முழுக்க உங்களுடையது. நீங்கள் இல்லாத நேரத்தில் வேறு யாராவது உட்காரலாம், நீங்கள் வந்து நின்றால் சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவார்கள். முதல் வருடம் இது தெரியாமல் அம்மா முன்னால் போய்ப் படுக்கை விரிப்பை விரித்து, நான்கு மூலையிலும் செருப்பை வைத்துவிட்டாள். ஒரு தொண்டர் வந்து மிகுந்த மரியாதையோடு எங்களையும் செருப்பையும் ஓரத்துக்கு நகர்த்தினார்.

அப்பா பாட்டுக் கேட்கும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். வலது கை தொடையில் தாளம் போடும். கண் பாதி மூடியிருக்கும். நல்ல இடம் ஒன்று வந்துவிட்டால் தலை இடமும் வலமுமாக, 'இல்லை, இல்லை' என்பதுபோல மெல்ல ஆடும். முகம் ஏதோ வலி கண்டதுபோலச் சுருங்கும். நாக்கு 'ச்சொ, ச்சொ' என்று கொட்டும். நம்மூர்க் கோயிலில் நாதஸ்வரத்துக்கு முன்னால் உட்கார்ந்து வளர்ந்த யாரும் செய்வதுதான். ஒரு மனிதனால் இப்படியும் வாசிக்க முடியுமா, முடியாதே, என்ன அநியாயம் இது என்று அதற்கு அர்த்தம். ஆனால் அமெரிக்கருக்கு அதே தலையாட்டலும் அதே நாக்குக் கொட்டலும் 'சகிக்கவில்லை' என்றுதான் அர்த்தப்படும். முதல் வருடமே பக்கத்து நாற்காலியிலிருந்த ஒரு வயதான அம்மாள் குனிந்து, உங்கள் கணவருக்கு உடம்பு சரியில்லையா, தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நோ நோ, ஹி ஈஸ் வெரி ஹாப்பி" என்றாள். அந்த அம்மாள் அப்பாவின் முகத்தை மறுபடி ஒருமுறை பார்த்தாள். நம்பிய மாதிரி தெரியவில்லை.

ஆறு ஏழு வயதில் நானும் அப்பாவின் மடியில் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து தலையாட்டியவள்தான். அவர் 'ச்சொ' என்றால் நானும் 'ச்சொ'. இதை யாரும் எனக்காக ஞாபகம் வைத்திருக்கவில்லை, நானேதான் வைத்திருக்கிறேன். இல்லையென்றால் பிறவியிலேயே நான் அப்படி என்று சொல்லித் தப்பித்திருப்பேன். வெட்கம் வந்தது ஐந்தாம் வகுப்பில். பள்ளிக்கூடத்துச் சேர்ந்திசை நிகழ்ச்சியில் நாங்கள் மெதுவாக ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது, கூட்டத்திலிருந்து அப்பாவின் 'ச்சொ, ச்சொ'வைத் தாண்டி அவர் குரல் கணீரென்று "பலே!" என்றது. அதற்கு மறுநாளிலிருந்து ஒரு வாரம் பள்ளி பஸ்ஸில் என்னைப் பார்த்தாலே இரண்டு பையன்கள் தலையை ஆட்டி நாக்குக் கொட்டினார்கள். அப்பாவிடம் போய் இனிமேல் வாயைத் திறக்காதீர்கள் என்று ஆங்கிலத்தில் கத்தினேன். "செரி கண்ணு, இனிமே பாத்துக்கறேன்" என்றார். அவர் எங்கே பார்த்துக்கொண்டார், நல்ல பாட்டு என்றால் அவர் தலை அவர் பேச்சைக் கேட்காது.

இன்னொன்றும் உண்டு. அலுவலகத்தில் அப்பாவின் ஆங்கிலம் பிரமாதமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் கடையிலும் பாங்கிலும் பர்கர் கடையின் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னாலும் அவர் உச்சரிப்பைக் கேட்டு "எக்ஸ்க்யூஸ் மீ?" என்று இரண்டு தடவை கேட்டார்களானால், மூன்றாம் தடவை என் பக்கம் திரும்பிவிடுவார். "நீ சொல்லு கண்ணு. நீ சொன்னாத்தான் அவுங்களுக்குப் புரியும்." நான் பின் சீட்டிலிருந்து எம்பிச் சொல்வேன். எட்டு வயதில் எனக்கு அது பெருமையாக இருந்தது. பத்து வயதில் எரிச்சலாக இருந்தது.

அந்த வருட விழாவுக்கு அந்தப் பெரியவரே வருகிறார் என்று ரேடியோவில் சொன்னார்கள். வயதாகிவிட்டதால் அவர் தூரப் பயணங்களை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. அப்பா அன்று சாப்பிடவில்லை. ஈரோட்டிலிருந்து வந்த ஒரு நண்பர் மூலம், அகலமான ஜரிகைக் கரை போட்ட பொன்னாடை ஒன்றை வரவழைத்தார். வித்வானுக்குப் பொன்னாடை போர்த்தாமல் சும்மா கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வருவது அவருக்கு மரியாதையாகவே தோன்றவில்லை. அம்மா விடவில்லை. "ஏனுங்க, இந்த வெயில்ல அந்தப் பெரியவருக்குப் போர்வையப் போத்தறீங்களே, அவுங்க ஊர்ல செத்தவங்களுக்குத்தான் போத்துவாங்களோ என்னமோ" என்று வழி நெடுக அப்பாவைச் சீண்டிக்கொண்டே வந்தாள். அப்பா சிரித்தார். பின்பு காரை ஓட்டிக்கொண்டே கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"கண்ணு, பொன்னாடை போத்தறப்ப நீ அவர்கிட்ட ஒண்ணு சொல்லோணும். எங்கப்பா மொத வருஷம் இங்க தனியா இருந்தாரு, ஊருக்கே போயிரலாம்னு பெட்டியக் கட்டிட்டாரு, அன்னிக்கு ரேடியோவுல நீங்க பாடுனீங்க. அதனாலதான் அவரும் இங்க இருக்காரு, நாங்களும் இருக்கோம்னு சொல்லோணும். நான் சொன்னா அவருக்குப் புரியாது. அவசரத்துல குளறிருவேன்."

எங்கே ஒருதரம் சொல்லு பார்க்கலாம் என்றார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பித்தேன். இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொல் என்றார். மறுபடி சொன்னேன். அப்பா ஸ்டியரிங்கைத் தட்டி, "அவ்வளவுதான், அதே போதும்" என்றார்.

பூங்காவில் இறங்கியதுமே மேகனைப் பார்த்துவிட்டேன். என் வகுப்புத் தோழி. அடுத்த வாரம் வரும் தன் பிறந்தநாளுக்கு ஆறே ஆறு பேரைத்தான் அழைக்கப்போவதாகச் சொல்லி, ஒரு மாதமாக வகுப்பையே தன் பின்னால் அலையவிட்டவள். நான் ஐந்தாவதா ஏழாவதா என்று தெரியாத நிலையில் இருந்தேன். அவள் தன் அப்பாவோடு எங்களுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தாள். எங்கள் நாற்காலிகளோ, அப்பா விடியற்காலை நான்கரை மணிக்கே எழுந்து தனியாக ஓட்டிவந்து போட்டுவிட்டு எங்களை அழைக்கத் திரும்பியிருந்ததால், முன் வரிசையில் நட்ட நடுவில் இருந்தன. என் முதுகு முழுக்க மேகனின் கண்கள் இருப்பதுபோல நெளிந்துகொண்டே உட்கார்ந்தேன்.

மாலை வெயில் சாயத் தொடங்கியபோது பெரியவர் மேடைக்கு வந்தார். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். சாம்பல் நிறக் கோட்டு, அகன்ற தொப்பி. வயலினைக் கழுத்தில் இடுக்காமல் நெஞ்சில் தாழ்த்தி வைத்துக்கொண்டார். அப்பா என் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "பாத்தியா, நம்மாளுங்க மாதிரி நெஞ்சுல வெச்சு வாசிக்கறாரு" என்றார். பெரியவர் ஒரு பாட்டை எடுத்தார். குரல் கொஞ்சம் நடுங்கியது; ஆனால் மேலே போக வேண்டிய இடத்தில் தயங்காமல் போய் நின்றது. அப்பாவின் முகம் சுருங்கியது. தலை இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. "ச்சொ, ச்சொ, ச்சொ."

மேடைக்கும் எங்களுக்கும் இடையே பத்தடி தூரம்கூட இல்லை. பெரியவர் அப்பாவைப் பார்த்தார். பாட்டு முடிந்ததும் தொப்பியைச் சற்றுத் தூக்கி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற பேஞ்சோக்காரரின் காதில் ஏதோ சொல்லிவிட்டு, அடுத்ததாக வேகமான ஒன்றை ஆரம்பித்தார். வாசித்துக்கொண்டே அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் தலை இன்னும் பலமாக ஆடியது. மூன்றாவதாக, மிக மெதுவான பாட்டு ஒன்று, வயலின் மட்டும் கூட வர. கூட்டத்தில் ஆண்கள் மரியாதைக்காகத் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். பெரியவர் கண்ணை எடுக்காமல் அப்பாவையே பார்த்து வாசித்தார். அப்பாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. "எனக்காகவே வாசிக்கறாரு கண்ணு, என்னையப் பாத்தே வாசிக்கறாரு" என்று கிசுகிசுத்தார். நல்ல வித்வான் கூட்டத்தில் ஒரு ரசிகனைக் கண்டுபிடித்து அவனுக்காக வாசிப்பான் என்று அவர் அடிக்கடி சொல்வதுண்டு. அது தமக்கே நடக்கிறது என்று அவர் நம்பினார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பின்னால் மேகன் பார்க்கிறாளா என்றும் பார்த்தேன்.

கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேசையைப் போட்டு, பெரியவரை உட்காரவைத்துக் கேசட்டுகளை அடுக்கினார்கள். எத்தனை பெரிய கலைஞராக இருந்தாலும் விழாவுக்கு வந்தவர்கள் நேரே போய்ப் பேசலாம், கையெழுத்து வாங்கலாம் என்பது புல்லுப் பாட்டு உலகத்தின் தங்கமான வழக்கம். வெயிலும் தூசியும் படக்கூடாது என்று பொன்னாடை கார் டிக்கியிலேயே இருந்தது. "நீ போய் லைன்ல நில்லு கண்ணு, நான் ஓடிப்போய் எடுத்துட்டு ஓடியாந்தர்றேன்" என்று அப்பா வேட்டியைக் கட்டியிருப்பவர்போல பேன்ட்டை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். அம்மா நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தாள். நான் வரிசையில் நின்றேன். மேகன் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

வரிசை நான் நினைத்ததைவிட வேகமாக நகர்ந்தது. பெரியவர் நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். கிட்டத்தில் பார்க்க அவர் கண்கள் மிகவும் களைத்திருந்தன. இழுத்து இழுத்துப் பேசும் அந்த மலைப்பக்கத்து ஆங்கிலத்தில், "முன்வரிசையில் உன் பக்கத்தில் இருந்தவர் உன் அப்பாதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அவருக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை போலிருக்கிறதே. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எப்படியாவது அவரைச் சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று அடுத்த இரண்டு பாட்டையும் அவருக்காகவே வாசித்தேன். நான் எங்கே தப்புச் செய்தேன் என்று சொல்லேன், குழந்தை" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிஜமாகவே காத்திருந்தார்.

காரில் இரண்டு முறை ஒப்பித்தது தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொல்வதற்குமுன் தலையாட்டலைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அப்படி ஆட்டினால் ரொம்பப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம் என்று, மேகன் பக்கத்தில் நிற்க, நான் சொல்ல வேண்டும். 'எங்கள் ஊர்' என்ற வார்த்தையே எனக்கு அப்போது கசந்தது. பள்ளி பஸ் நினைவு வந்தது. பிறந்தநாள் நினைவு வந்தது.

"அவருக்கு இந்தப் பாட்டெல்லாம் பிடிக்காது. புரியவும் புரியாது. எனக்குத்தான் பிடிக்கும். எனக்காகத்தான் வந்தார்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

பெரியவரின் முகத்தில் ஏதோ இறங்கியது. "அது சரி" என்று மெல்லத் தலையசைத்தார். "பிடிக்காவிட்டாலும் மகளுக்காக வந்து உட்கார்ந்தாரே, நல்ல மனுஷன்" என்று சொல்லி, ஒரு கேசட்டை எடுத்து அதில் என் பெயரைக் கேட்டு எழுதிக் கொடுத்தார். மேகன் என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். 'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' என்று அம்மா அடிக்கடி சொல்வாள். உலகத்திலேயே அந்தப் பாட்டின் வாசனையை நன்றாக அறிந்த ஒரு மனிதரை, அந்தப் பாட்டுக்காரர் முன்னாலேயே கழுதையாக நிறுத்திவிட்டு, கற்பூரத்தை நான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

எனக்குப் பின் இன்னும் நாலைந்து பேர் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு இரண்டு பேர் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து அவர்களுடைய பஸ்ஸுக்கு அழைத்துப் போனார்கள். பஸ் கதவு மூடிய பிறகு அப்பா மூச்சிரைக்க ஓடிவந்தார். பொன்னாடை கையில் இருந்தது.

"போயிட்டாரா?"

"போயிட்டார்."

"நீ சொன்னியா கண்ணு?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"தேங்க்ஸ் சொல்லச் சொன்னார்."

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அது போதும்" என்று பொன்னாடையை நான்காக மடித்தார். பஸ் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது. போய்க் கதவைத் தட்டியிருக்கலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். போகலாமா என்று அவர் கேட்டுவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டேன். அவர் கேட்கவில்லை. வரும் வழியில் அம்மா, "ஏனுங்க, இம்புட்டுத் தூரம் கொண்டாந்து போத்தாம வந்துட்டீங்களே" என்று வருத்தப்பட்டாள். கூட்டம் அதிகம் என்றார் அப்பா. அந்தப் பொன்னாடை அடுத்த பொங்கல் விழாவில் யாரோ ஒரு சொற்பொழிவாளரின் தோளுக்குப் போய்ச் சேர்ந்தது.

மேகனின் பிறந்தநாளுக்கு அழைப்பு வந்தது. போனேன். அங்கே என்ன விளையாடினோம், என்ன சாப்பிட்டோம் என்று எதுவுமே நினைவில் இல்லை. ஏழாம் வகுப்பில் அவர்கள் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள்.

அடுத்த கோடையில் விழா வந்தபோது வேலை அதிகம் என்றார் அப்பா. அதற்கடுத்த கோடையிலும் அப்படியே. தமிழ்ச் சங்கத்தில் ஊரிலிருந்து யாராவது வந்து கச்சேரி செய்தால் போவோம்; அப்பா கையைக் கட்டிக்கொண்டு, பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தவர் மாதிரி நேராக உட்கார்ந்திருப்பார். தொடையில் தாளம் இல்லை. 'ச்சொ' இல்லை. அமெரிக்கா ஒருவழியாக அப்பாவுக்கு நாகரிகம் கற்றுக்கொடுத்துவிட்டது என்று எனக்கு மகா திருப்தி. பதினான்கு வயதில் ஒருநாள் அவரிடம் சொல்லியும் விட்டேன், இப்போதெல்லாம் நீங்கள் எவ்வளவு டீசன்ட்டாகக் கேட்கிறீர்கள் என்று. "அப்படியா கண்ணு?" என்று சிரித்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது இன்று.

நான் உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோது பெரியவர் இறந்துபோன செய்தியைக் கார் ரேடியோவில் சொன்னார்கள். அப்பா பாங்கின் பார்க்கிங்கில் காரை நிறுத்தி, அவர்கள் போட்ட இரண்டு பாட்டையும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் இறங்கினார். நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பாங்க் மூடிவிடும் என்று சொன்னேன்.

அந்தப் பூங்காவுக்குப் போன வருடம் தனியாகப் போய்ப் பார்த்தேன். மேடை இருந்த இடத்தில் ஒரே மாதிரி நாற்பது வீடுகளும், அவற்றைச் சுற்றி ஒரு செங்கல் மதிலும் இருக்கின்றன. விழா நின்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டதாம், பக்கத்து பெட்ரோல் பங்கில் கேட்டால் அப்படி ஒன்று நடந்ததே தெரியவில்லை. கேசட் போட என்னிடம் இப்போது எந்தச் சாதனமும் இல்லை. இவையெல்லாம் போகக்கூடியவைதான், போய்விட்டன. போகக் கூடாத ஒன்று எங்கள் வீட்டிலிருந்து போனதற்குக் காரணம் நான்.

சென்ற மாதம் என் மகள் நிலாவின் பள்ளியில் இசை நிகழ்ச்சி. அவளுக்கும் பத்து வயது. க்ளாரினெட் வாசிக்கிறாள். அப்பாவையும் அழைத்துப் போயிருந்தேன். நிலா தனியாக வாசிக்கும் ஒரு சின்னப் பகுதி இருந்தது, பிசிறில்லாமல் வாசித்தாள். முடிந்ததும் நேரே ஓடிவந்து என் காதில் ஆங்கிலத்தில் கேட்டாள். தாத்தாவுக்குப் பிடிக்கவில்லையா, அசையவே இல்லையே, மேடையிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாள். கேட்டுச் சொல்கிறேன், நீ போய் உன் பெட்டியை எடுத்துக்கொண்டு வா என்று அவளை அனுப்பினேன்.

அரங்கம் காலியாகிக்கொண்டிருந்தது. நான் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பெரியவர் கேட்டதை, நான் சொன்னதை, தேங்க்ஸ் என்ற பொய்யை.

"தெரியும் கண்ணு" என்றார் அப்பா.

நான் நிமிர்ந்தேன்.

"எலுமிச்சை ஜூஸ் வித்துட்டிருந்தாங்கல்ல, அந்தக் கூடாரத்துக்குப் பக்கத்துல பொன்னாடையோடதான் நின்னுட்டிருந்தேன். அவரு கேட்டது, நீ சொன்னது, ரெண்டும் கேட்டுச்சு."

"அப்புறம் ஏம்ப்பா வரல? வந்து சொல்லியிருக்கலாமே."

"எப்படி வருவேன்? நான் வந்து, ரொம்ப ரசிச்சேனுங்கன்னு சொன்னா நீ பொய் சொன்னது தெரிஞ்சு போயிரும். அந்தப் புள்ள வேற உன் பக்கத்துல நிக்குது. அத்தன பேருக்கு முன்னால நீ தலை குனிஞ்சு நிக்கறத நான் பாக்கறதா? செரி, அவருக்கு ஒரு ரசிகன் கம்மின்னு போகட்டும்னுட்டு, மறுக்கா காருக்குப் போய், பஸ் கதவச் சாத்தற வரைக்கும் நின்னுட்டு ஓடியாந்தேன்."

மூச்சிரைக்க ஓடிவந்ததும் நடிப்புத்தான் என்று அப்போது புரிந்தது. என் பொய்யைக் காப்பாற்ற அவரும் ஒரு பொய்க்கு ஓடியிருக்கிறார். அன்று அவர் என்னைத் திட்டியிருந்தால், ஓர் அறை கொடுத்திருந்தால், இத்தனை வருடத்தில் நான் அதை மன்னித்து மறந்திருப்பேன்.

"அதுக்கப்புறம் ஏம்ப்பா எங்கயுமே தலையாட்டறதில்ல?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"ஆட்டுனா யாராச்சும் வந்து உன்னையக் கேப்பாங்கல்ல கண்ணு. நீ எதுக்கு நின்னு பதில் சொல்லிட்டு" என்றார்.

நிலா க்ளாரினெட் பெட்டியோடு எங்கள் முன்னால் வந்து நின்றாள். கேட்டாயா என்று என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்தி, "ஐ... லைக்ட் இட்... வெரி மச்" என்று அவரே சொல்லிவிட்டார். நிலா சிரித்தாள். பத்து வயதில் நான் அந்த மேசையிலிருந்து திரும்பி வந்த நாள் முதல், தமக்காக ஒரு வார்த்தைகூடப் பேசச் சொல்லி அப்பா என்னைக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.